சிடி80 சேர்த்ததும் பிடி-1 பிரேக் காணாமப் போச்சு: ஆன்டிபாடி கெட்டதா, செல்லுல தப்பா?

கேள்வி: தகடூராள்

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு பாலக்கோடு பக்கம் ஒரு கிராமம். எம்.எஸ்சி பயோடெக் முடிச்சிட்டு ரெண்டு வருஷமா ஓசூர்ல ஒரு சின்ன லேப்ல வேலை. தினமும் ராயக்கோட்டை வழியா பஸ்ல போயிட்டு வரேன். மூணு வாரமா ஒரே இடத்துல மாட்டிக்கிட்டு நிக்கிறேன். இங்கிலீஷ்ல கேட்டா ரெண்டு வரில பதில் சொல்லிட்டுப் போயிடறாங்க. தமிழ்ல முழுசா எழுதினா எனக்கே எங்க இடிக்குதுன்னு தெரியும்னுதான் இங்க வந்தேன். கொஞ்சம் நீளமா இருக்கும், பொறுத்துக்கோங்க.

நாங்க கட்டறது பிடி-1 தடுப்பு மருந்துகளோட வீரியத்தைப் பார்க்கிற செல் சோதனை. பிடி-1ங்கிறது நோயோட சண்டை போடற டி செல் மேல இருக்கிற பிரேக், அதை அழுத்தற கை எதிர்ல வர செல்லோட பிடி-எல்1. ஒரு பக்கம் ஜுர்காட். 1970கள்ல ரத்தப் புற்றுநோய் வந்த ஒரு 14 வயசுப் பையனோட ரத்தத்துல இருந்து எடுத்த டி செல், இன்னைக்கு வரைக்கும் உலகம் முழுக்க வளர்ந்துக்கிட்டிருக்கு. நான் வச்சிருக்கிறது ஈ6-1 குளோன். அதுல லென்டிவைரஸ் (ஜீனைச் செல்லுக்குள்ள கொண்டு போற வைரஸ்) வழியா மனித பிடி-1 ஏத்தியிருக்கேன். கூடவே என்ஃபாட் லூசிஃபரேஸ் ரிப்போர்ட்டர். டிசிஆர் (டி செல் எதிரியைக் கண்டுபிடிக்கிற ஏற்பி) தூண்டப்பட்டா செல்லுக்குள்ள கால்சியம் ஏறும், என்ஃபாட்ங்கிற புரதம் உட்கருவுக்குள்ள போகும், லூசிஃபரேஸ்ங்கிற என்சைம் உருவாகும். சப்ஸ்ட்ரேட் ஊத்தினா வெளிச்சம் வரும், அதை மெஷின் எண்ணும்.

எதிர்ப் பக்கம் சிஹெச்ஓ-கே1, சைனீஸ் ஹாம்ஸ்டரோட சினைப்பைச் செல். மனிதனோட இணைத்தூண்டல் மூலக்கூறு (டி செல்லுக்கு ரெண்டாவது தூண்டுதல் குடுக்கிறது) ஒண்ணும் அதுல கிடையாது. சாணம் தெளிச்ச வாசல் மாதிரி, நாம போடற கோலம் மட்டும்தான் இருக்கும். அதுல மூணு வகை செஞ்சேன்.

நம்பர் 1: ஓகேடி3 ஆன்டிபாடியோட பிடிக்கிற துண்டு மட்டும் சவ்வுல நிக்கும். இது ஜுர்காட்ல டிசிஆரோட ஒட்டி நிக்கிற சிடி3ஐப் பிடிச்சு டிசிஆரைத் தூண்டும்.
நம்பர் 2: அதே செல், கூட பிடி-எல்1.
நம்பர் 3: நம்பர் 2 செல்லுலயே சிடி80ங்கிற இணைத்தூண்டல் மூலக்கூறையும் சேர்த்தது.

வெள்ளை 96 குழி பிளேட். முந்தின நாள் சாயங்காலம் சிஹெச்ஓவை விதைப்பேன், மறுநாள் ஜுர்காட்டையும் ஆன்டிபாடியையும் போட்டு 37 டிகிரில 6 மணி நேரம்.

நம்பர் 1ல வர வெளிச்சத்தை 100ன்னு வச்சா நம்பர் 2ல 30 வருது. பிடி-1 பிரேக் அழுத்துது. பிடி-1ஐத் தடுக்கிற ஆன்டிபாடி போட்டா 85 வரைக்கும் ஏறுது. ரொம்ப அழகான வளைவு, எனக்கு அவ்ளோ சந்தோஷம். நம்பர் 3ல கதையே வேற. ஆன்டிபாடி போடாமலே 95. ஆன்டிபாடி போட்டாலும் 95. பிரேக்கே இல்ல. ஆனா ஃப்ளோல (செல் மேல ஒட்டின நிற ஆன்டிபாடியை ஒவ்வொரு செல்லா அளக்கிற மெஷின்) பார்த்தா பிடி-எல்1 சவ்வு மேல நல்லாவே நிக்குது. சிடி80யும் நிக்குது. இருந்த குளோன்கள்ல சிடி80 ரொம்பப் பளிச்சுன்னு தெரிஞ்சதைத்தான் பொறுக்கி எடுத்தேன்.

இதுல ஒரு சிக்கல். அந்த ஆன்டிபாடி பெங்களூர்ல இருந்து வரும்போது கொரியர்காரங்க கிருஷ்ணகிரில ஒரு நாள் முழுக்க வெளியிலேயே போட்டு வச்சிட்டாங்க. நான் போய் வாங்கும்போது ஐஸ் பேக் வெதுவெதுன்னு இருந்தது. அதனால எங்க சீனியர், "ஆன்டிபாடி கெட்டுப் போச்சு, புதுசு வாங்கறவரைக்கும் நிறுத்து" அப்படின்னுட்டார். புதுசு வர ஆறு வாரம் ஆகும். ஆன்டிபாடிதான் காரணம்னு எனக்கு மனசு ஒப்பல.

இது எனக்கு வெறும் வேலை இல்லைங்க. எங்க மாமாவுக்கு, அம்மாவோட அண்ணனுக்கு, வாய்ப் புற்றுநோய். முப்பது வருஷம் புகையிலை அடக்கினவர். அவருக்கு பெங்களூர்ல பிடி-1ஐத் தடுக்கிற ஆன்டிபாடி மருந்தான நிவோலுமாப் குறைஞ்ச அளவுல போட்டாங்க. முழு அளவு கட்டுப்படியாகாதவங்களுக்காக மும்பை டாடா மெமோரியல்ல 151 பேர்கிட்ட செஞ்ச ஆய்வு 2023ல வந்தது. வாய் மாத்திரைகளோட மூணு வாரத்துக்கு ஒரு தரம் வெறும் 20 மில்லிகிராம் நிவோலுமாப் சேர்த்தப்ப, ஒரு வருஷம் தாண்டி உயிரோட இருந்தவங்க 16.3 சதவீதத்துல இருந்து 43.4 சதவீதமா ஆனாங்க. அந்த முறையிலதான் மாமாவுக்கும். பேத்தி காதுகுத்துக்கு மடியில உட்கார வச்சுக்கிட்டார். 20 மில்லிகிராம்தான் உடம்புக்குள்ள போகுதுன்னா அந்த 20ம் உண்மையிலேயே பிரேக்கை எடுக்குதான்னு சொல்ற சோதனை பொய் சொல்லக் கூடாதில்லையா.

நம்பர் 3ஐ நான் எப்படிப் புரிஞ்சுக்கணும்? தூக்கிப் போட்டுடலாமா?

பதில்: தென்பெண்ணைக்கரை

தங்கச்சி, தூக்கிப் போடாத. உன் செல் ஒரு உண்மையைத்தான் சொல்லுது.

முதல்ல ஆன்டிபாடி விஷயம். அதே குப்பி, அதே நாள், அதே பிளேட்ல நம்பர் 2ஐ 30ல இருந்து 85க்கு ஏத்திச்சு இல்ல? அப்ப அது உயிரோடதான் இருக்கு. ஒரு நாள் வெயில்ல இருந்ததால வீரியம் கொஞ்சம் குறைஞ்சிருக்கலாம், அதை வளைவு எவ்ளோ நகர்ந்திருக்குன்னு பார்த்துக் கண்டுபிடிக்கலாம். ஆனா நம்பர் 3ல ஆன்டிபாடி போடாத குழியிலேயே 95 வருதுன்னா, அங்க ஆன்டிபாடிக்கு வேலையே இல்லை. எடுக்கறதுக்கு அங்க பிரேக் இல்லை. உங்க சீனியர்கிட்ட இந்த ஒரு குழியை மட்டும் காட்டு, போதும்.

இப்ப பிரேக் எங்க போச்சுன்னு பார்க்கலாம். சிடி80யும் பிடி-எல்1உம் ஒண்ணையொண்ணு பிடிக்கும்கிறது 2007லயே தெரியும். ரொம்ப நாள், ஒரு செல்லோட சிடி80 எதிர்ல இருக்கிற இன்னொரு செல்லோட பிடி-எல்1ஐப் பிடிக்குதுன்னுதான் நினைச்சாங்க. 2019ல ரெண்டு குழு தனித்தனியா வேற மாதிரி காட்டினாங்க. இந்தப் பிடிப்பு முக்கியமா நடக்கிறது ஒரே செல்லோட சவ்வுல, பக்கத்துப் பக்கத்துல நிக்கிற ரெண்டுக்கும் நடுவுல. சிஸ்னு சொல்றது அதைத்தான். சிடி80 பக்கத்துல நின்னு பிடி-எல்1ஐ அணைச்சுக்கிட்டா, அந்த பிடி-எல்1ஆல எதிர்ல வர பிடி-1ஐப் பிடிக்க முடியாது. ஆனா அந்த ஜோடியில இருக்கிற சிடி80ஆல ஜுர்காட்டோட சிடி28ஐ (இணைத்தூண்டலை வாங்கிக்கிற ஏற்பி) நல்லாவே பிடிக்க முடியும். அதாவது பிரேக் கட்டிப் போட்டாச்சு, ஆக்ஸிலரேட்டர் மட்டும் வேலை செய்யுது. உன் 95க்கு இதுதான் காரணம்னு நான் நினைக்கிறேன்.

சிடி80 பளிச்சுன்னு இருந்த குளோனைப் பொறுக்கினேன்னு எழுதியிருக்க பாரு, அங்கதான் விஷயமே இருக்கு. சவ்வுல இருக்கிற பிடி-எல்1 எண்ணிக்கையை விட சிடி80 அதிகமா இருந்தா, ஒவ்வொரு பிடி-எல்1உக்கும் ஒரு ஜோடி கிடைச்சிடும். சும்மா நிக்கிற பிடி-எல்1 மிச்சமே இருக்காது. குளோன் எடுக்கிறப்ப நாம எல்லாருமே பளிச்சுன்னு இருக்கிறதுக்குத்தான் ஆசைப்படறோம். இங்க அளவுதான் பேசும்.

ஃப்ளோல பிடி-எல்1 தெரியுதே, அப்புறம் எப்படின்னு கேட்ப. உன் ஸ்டெயினிங் ஆன்டிபாடி எந்த இடத்துல போய் ஒட்டுதுங்கிறதைப் பொறுத்தது அது. சிடி80 மறைக்காத முகத்துல ஒட்டற ஆன்டிபாடிக்கு பிடி-எல்1 எப்பவும் போலத்தான் தெரியும். பிடி-எல்1 இருக்காங்கிறது ஒரு கேள்வி, பிடி-1ஐப் பிடிக்கிற நிலையில இருக்காங்கிறது வேற கேள்வி. ரெண்டாவதுக்குப் பதில் வேணும்னா பிடி-1 எஃப்சி வாங்கு. கரைஞ்ச பிடி-1, வாலில எஃப்சி (ஆன்டிபாடியோட வால் துண்டு), அதுக்கு மேல ஃப்ளூரசன்ட் ரெண்டாம் ஆன்டிபாடி. நம்பர் 2லயும் 3லயும் பக்கத்துப் பக்கத்துல ஸ்டெயின் பண்ணு. நான் சொல்றது சரின்னா 3ல மங்கலா வரும்.

அப்புறம் ஒரு எதிர்வாதமும் இருக்கு, அதை நீயே மூட வேண்டியிருக்கும். "பிரேக் அப்படியேதான் இருக்கு, சிடி28 சிக்னல் பலமா இருக்கிறதால அது தெரியல" அப்படின்னு ஒருத்தர் சொல்லலாம். அதுக்கு சிடி86தான் சாட்சி. சிடி86உம் சிடி28ஐத் தூண்டும், ஆனா பிடி-எல்1ஐப் பிடிக்காது. சிடி80க்குப் பதிலா சிடி86 போட்டு ஒரு நம்பர் 4 செய். அதுல பிரேக் திரும்பி வந்தா விஷயம் முடிஞ்சது. சிடி86 சிடி28ஐப் பிடிக்கிறது தளர்வான பிடி, சுமார் 20 மைக்ரோமோலார். சிடி80க்கு 4. அதனால சிடி86 அளவு கொஞ்சம் கூடவே இருக்கட்டும்.

நான் காவேரிப்பட்டணத்துக்காரன். இப்ப இருக்கிறது வெளியூர். நம்ம ஊர்ப் பொண்ணு பஸ்ல போய் வந்து இதைச் செய்யறதைப் படிச்சதும் வேலையை நிறுத்திட்டு உட்கார்ந்து எழுதறேன்.

பதில்: ஊத்தங்கரை மாங்காய்

மன்னிக்கணும், நான் மாங்காய் மண்டி வச்சிருக்கிறவன், படிப்பு பிளஸ் டூ. எங்க அம்மாவுக்கும் இந்த வகை ஊசிதான் போடறாங்க. டாக்டர் "பிரேக்கை எடுக்கிற மருந்து"ன்னு சொன்னார். இங்க ஆக்ஸிலரேட்டர்னு ஒண்ணு சொல்றீங்களே, அது என்ன? எங்களுக்குப் புரியற மாதிரி யாராவது நாலு வரி எழுதுவீங்களா?

பதில்: தகடூராள்

அண்ணா, மன்னிப்பெல்லாம் எதுக்குங்க. அம்மா நல்லபடியா இருக்கணும்.

உங்க தொழில்லயே சொல்றேன். மாங்கூழ் ஃபேக்டரி வாசல்ல லோடு லாரி நிக்குதுன்னு வச்சுக்கோங்க. டோக்கன் இருந்தா மட்டும் உள்ள விட மாட்டாங்க, எடைமேடைச் சீட்டும் வேணும். டி செல்லும் அப்படித்தான். ஏதோ ஒரு செல் "இதோ பாரு, இது நம்மளுது இல்ல"ன்னு ஒரு துண்டைக் காட்டுது, டிசிஆர் அதைப் பிடிக்குது. அது டோக்கன். ஆனா அதே சமயத்துல சிடி80யோ சிடி86ஓ டி செல்லோட சிடி28ஐத் தொடணும். அது எடைச்சீட்டு. ரெண்டும் சேர்ந்தாதான் டி செல் பெருகும், தாக்கும். இந்த ரெண்டாவது தொடுதலுக்குத்தான் இணைத்தூண்டல்னு பேரு. டோக்கன் மட்டும் கிடைச்சு எடைச்சீட்டு கிடைக்காம நின்ன டி செல்லுக்கு அப்புறம் டோக்கனே செல்லாமப் போயிடும், அது சோர்ந்து படுத்துக்கும். சொந்த உடம்பை நம்ம டி செல்லே தாக்காம இருக்கிறதுக்கு உடம்பு வச்சிருக்கிற ஒரு காவல் இது.

பிரேக் ரெண்டு பெருசு. ஒண்ணு சிடிஎல்ஏ-4. அதுவும் சிடி80, சிடி86ஐத்தான் பிடிக்கும், ஆனா சிடி28ஐ விடப் பல மடங்கு இறுக்கமா. எடைச்சீட்டை வழியிலேயே பிடுங்கிக்கிற மாதிரி. இன்னொண்ணு பிடி-1. புற்றுநோய்ச் செல் பிடி-எல்1ஐ நீட்டி இந்த பிரேக்கை அழுத்தும். உங்க அம்மாவுக்குப் போடற ஊசி அந்த அழுத்தற கையைத் தடுக்குது. இதைக் கண்டுபிடிச்சதுக்குத்தான் ஜேம்ஸ் அலிசனுக்கும் தசுகு ஹோஞ்சோவுக்கும் 2018ல நோபல் குடுத்தாங்க.

வயித்துப்போக்கு, மூச்சிரைப்பு, தோல்ல தடிப்பு, ரொம்ப அசதி, இந்த மாதிரி புதுசா எது வந்தாலும் அடுத்த ஊசி தேதி வரைக்கும் காத்திருக்காம அன்னைக்கே டாக்டருக்கு போன் பண்ணுங்கண்ணா. பிரேக் எடுத்த டி செல் சில சமயம் நம்ம உறுப்பையே தாக்கும். சீக்கிரம் சொன்னா சமாளிக்க மருந்து இருக்கு.

பதில்: ஓசூர் ரோஜாத்தோட்டம்

நான் இதே மாதிரி சோதனைகள்தான் பன்னிரண்டு வருஷமாக் கட்டறேன். தென்பெண்ணை அண்ணன் சொன்னதை அப்படியே ஒத்துக்கறேன். நான் சொல்ல வரது வேற பக்கம்.

தகடூராள், நீ இணைத்தூண்டலைச் சேர்த்திருக்க, ஆனா அதை அளக்கிற கருவி உன்கிட்ட இல்ல. என்ஃபாட் கால்சியத்தோட பின்னாடி போறது. உன் ஓகேடி3 பலமா இழுக்கும்போது கால்சியம் ஏற்கனவே உச்சியில இருக்கும், சிடி28 அதுக்கு மேல கொஞ்சம்தான் சேர்க்கும். சிடி28 சத்தமாப் பேசறது என்எஃப்-கப்பா-பி, ஏபி-1ங்கிற வேற ரெண்டு ஜீன் சுவிட்ச்லதான். அது எல்லாம் ஒண்ணு கூடற இடம் ஐஎல்-2, டி செல் சுரக்கிற ஒரு சிக்னல் புரதம். ஜுர்காட் நல்லா ஐஎல்-2 சுரக்கணும்னா சிடி28 தொடுதல் வேணும். அதனால அதே குழிகளை இன்னொரு பிளேட்ல 24 மணி நேரம் விட்டு, மேல் மீடியாவை எடுத்து ஐஎல்-2 எலிசா (புரத அளவை நிறத்தை வச்சு அளக்கிற சோதனை) போடு. செலவும் பெருசா இல்ல. வியன்னா மருத்துவப் பல்கலைக்கழக ஆய்வகத்துல ஒரே ஜுர்காட்டுக்குள்ள என்ஃபாட், என்எஃப்-கப்பா-பி, ஏபி-1 மூணுக்கும் மூணு நிறப் புரதம் வச்சு 2016ல ஒரு லைன் செஞ்சாங்க. அவங்க எதிர்ப்பக்கத்துக்கு எலியோட பிடபிள்யூ5147 செல்லுல சிடி3 ஆன்டிபாடித் துண்டை நிறுத்தி, மேல ஒவ்வொரு இணைத்தூண்டல் மூலக்கூறா ஏத்தி வரிசையா வச்சிருக்காங்க. உன் நம்பர் 1, 2, 3 அதே குடும்பம்தான்.

"சிடி80 வம்பே வேண்டாம், நம்பர் 2 நல்லா வேலை செய்யுது, அதோட நிறுத்திக்கலாம்"னு உனக்குத் தோணும். மருந்து வீரியத்தை மட்டும் பார்க்க நம்பர் 2 போதும், நிறைய பேர் அப்படித்தான் செய்யறாங்க. ஆனா 2017ல வந்த வேலைகளைப் படி. பிடி-1 அழுத்தும்போது எஸ்ஹெச்பி2ங்கிற என்சைம் வந்து முதல்ல பாஸ்பேட்டைக் கழட்டறது டிசிஆர்ல இல்ல, சிடி28லதான் அதிகம். அப்ப சிடி28ஐத் தொடற ஆளே இல்லாத சோதனையில பிடி-1ஓட பாதி வேலையை நீ பார்க்கவே இல்ல. உன் மாமா உடம்புல நடக்கிறதுக்குக் கிட்டப் போகணும்னா சிடி86 வச்ச நம்பர் 4ஐக் கட்டிடு.

ஜுர்காட் பத்தி ஒரு எச்சரிக்கை. பிஐ3கேங்கிற வளர்ச்சி சிக்னல் பாதையை அடக்கற பிடென் புரதம் அதுல இல்ல. அதனால அந்தப் பாதை எப்பவும் திறந்தே கிடக்கும். சிடி28 அந்தப் பாதையில என்ன செய்யுதுன்னு ஜுர்காட்டை வச்சு யாராவது பெருசாப் பேசினா நம்பாத. அதுக்கு ரத்தத்துல இருந்து எடுத்த டி செல்தான் வேணும். அப்புறம், மாசத்துக்கு ஒரு தரம் உன் ஜுர்காட்ல சிடி3, சிடி28, பிடி-1 மூணும் நிக்குதான்னு ஃப்ளோல பாரு. பாசேஜ் (செல்லைப் பிரிச்சுப் புதுசா வளர்க்கிற தடவை) ஏற ஏற மெதுவா இறங்கும், நமக்கே தெரியாது. மைக்கோபிளாஸ்மாங்கிற கிருமி புகுந்திருக்கான்னும் பாரு.

உனக்கு இன்னொண்ணும் சொல்லணும், ஏன்னா நீ சின்னப் பொண்ணு, இந்தத் துறையில ரொம்ப நாள் இருப்ப. 2006 மார்ச் 13, லண்டன் நார்த்விக் பார்க் மருத்துவமனை வளாகம். சிடி28ஐ நேராத் தூண்டற டிஜிஎன்1412ங்கிற ஆன்டிபாடியை ஆறு ஆரோக்கியமான ஆம்பளைங்களுக்கு, கிலோவுக்கு 0.1 மில்லிகிராம் குடுத்தாங்க. ஒண்ணரை மணி நேரத்துக்குள்ள தலைவலி, முதுகுவலி, குளிர், வாந்தி. ஆறு பேரும் தீவிர சிகிச்சைக்குப் போனாங்க, சைட்டோகைன் புயல், அதாவது எதிர்ப்புச் செல்கள் சிக்னல் புரதங்களைக் கட்டுக்கடங்காமக் கொட்டறது. உயிர் பிழைச்சாங்க. குரங்குல இதை விடப் பல மடங்கு அதிகமாக் குடுத்துப் பார்த்தும் ஒண்ணும் ஆகல. ஏன்னா அந்தக் குரங்குகளோட எஃபெக்டர் மெமரி சிடி4 செல்கள்ல (பழைய எதிரியை ஞாபகம் வச்சிருக்கிற ஒரு வகை டி செல்) சிடி28 கிடையாது, மனுஷனுக்கு இருக்கு. சோதனைக் குழாய்லயும் தெரியல. மனித ரத்தச் செல்லுல ஆன்டிபாடியைக் கரைசலா ஊத்திப் பார்த்தப்ப செல் அமைதியா இருந்தது. அதே ஆன்டிபாடியைப் பிளேட் அடியில காய வச்சு ஒட்டிட்டு அதே செல்லைப் போட்டப்ப வெடிச்சது. மூலக்கூறு ஒண்ணுதான், அது எந்த நிலையில எதுக்குப் பக்கத்துல நிக்குதுங்கிறதுதான் மாறிச்சு. உன் சிடி80 விஷயமும் இதுதான். அதனாலதான் உன் கேள்வியைப் பார்த்ததும் எனக்கு நெஞ்சு படபடன்னு ஆச்சு.

பின்னாடி 4-1பிபி, ஓஎக்ஸ்40ன்னு டி செல்லோட வேற தூண்டல் ஏற்பிகளுக்குப் போனன்னா இதை ஞாபகம் வச்சுக்கோ. அந்தக் குடும்பம் மூணு மூணாச் சேர்ந்தாதான் சிக்னல் குடுக்கும். தூண்டற ஆன்டிபாடியைச் சும்மா மீடியாவுல ஊத்தினா பல சமயம் ஒண்ணும் நடக்காது. எஃப்சி காமா ஆர்2பி ஏத்தின சிஹெச்ஓவைப் பக்கத்துல வச்சா, அது ஆன்டிபாடியோட வாலைப் பிடிச்சு ஒண்ணு சேர்க்கும், அப்பதான் வெளிச்சம் வரும். யூட்டோமிலுமாப்ங்கிற 4-1பிபி ஆன்டிபாடி அந்த ரகம். யூரெலுமாப்ங்கிற இன்னொரு 4-1பிபி ஆன்டிபாடிக்கு அந்தப் பிடி இல்லாமலேயே ஓரளவு தூண்டத் தெரியும். மனுஷங்கள்ல கல்லீரல் நச்சு வந்து அளவை ரொம்பக் குறைக்க வேண்டி வந்ததும் அதுக்குத்தான்.

பதில்: சினைஊசிக்காரர்

நான் கால்நடைத் துறைல இருந்து ஓய்வு. அரூர், பென்னாகரம் பக்கமெல்லாம் மாட்டுக்கு சினை ஊசி போட்டவன். உங்க பேச்சு பாதி புரியல, ஆனா செல்லை உறைய வைக்கறதுன்னா எனக்குத் தெரியும். பொண்ணு, உன் நைட்ரஜன் கேன் எப்படி? உள்ள எவ்வளவு இருக்குன்னு மரக்குச்சி விட்டு அளந்து பார்க்கிறியா? கேன் மூடியோட தெர்மாகோல் தண்டு தேஞ்சிருந்தா ஒரே வாரத்துல வத்திடும், வெளிய இருந்து பார்த்தா ஒண்ணும் தெரியாது. கழுத்துகிட்ட பனி படிஞ்சிருந்தா கேன் போச்சுன்னு அர்த்தம். கோடையில இன்னும் சீக்கிரம் வத்தும். குழாயை வெளிய எடுத்துப் பேரு தேடிக்கிட்டு நிக்காத, கழுத்துக்குக் கீழயே வச்சுப் பாரு. ஒரு தரம் சூடு பட்ட விந்து மாட்டுக்குப் பிடிக்கவே பிடிக்காது, உன் செல்லும் அப்படித்தானே இருக்கும்.

பதில்: தகடூராள்

(நாலு வாரம் கழிச்சு)

பதில் போட நாளாச்சு. எல்லாத்தையும் செஞ்சு முடிச்சுட்டு வரணும்னு இருந்தேன்.

முதல்ல தென்பெண்ணை அண்ணா. அன்னைக்கே அந்த ஒரு குழியைக் கொண்டுபோய் சீனியர்கிட்ட காட்டினேன். ரெண்டு நிமிஷம் பேசாமப் பார்த்தார். அப்புறம் "சரி, நிறுத்த வேண்டாம், செய்"ன்னார். பிடி-1 எஃப்சி பக்கத்து லேப் அக்கா ஒருத்தர்கிட்ட 20 மைக்ரோலிட்டர் கடன் வாங்கினேன். நம்பர் 2ல பிரகாசமா, தனி மலை மாதிரி நின்னுது. நம்பர் 3ல ஒண்ணுமே ஏத்தாத சிஹெச்ஓ மேலயே கிட்டத்தட்ட படுத்துக்கிச்சு. அதே குழாய்ல இருந்து எடுத்த செல்லை பிடி-எல்1 ஆன்டிபாடில ஸ்டெயின் பண்ணா ரெண்டும் ஒரே உயரம். மூலக்கூறு இருக்கு, ஆனா பிடிக்க முடியல. திரையில ரெண்டு படத்தையும் பக்கத்துல வச்சுப் பார்த்தப்ப கண்ணு கலங்கிடுச்சு. மூணு வாரம் என் கையிலதான் தப்புன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன்.

அப்புறம் நம்பர் 3 குளோன்கள்ல நான் வேண்டாம்னு ஒதுக்கின மங்கலான குளோன் ஒண்ணு உறைஞ்சு கிடந்தது, அதை எழுப்பினேன். தண்ணித் தொட்டில கையிலயே பிடிச்சு ஆட்டி, உள்ள ஒரு அரிசி அளவு ஐஸ் மிச்சம் இருக்கும்போதே வெளிய எடுத்து, சொட்டுச் சொட்டா மீடியா விட்டு. ரெண்டு நாள் ஒட்டவே இல்ல. மூணாவது நாள் மைக்ரோஸ்கோப்ல பார்த்தா அங்கங்க பத்துப் பதினஞ்சு செல் கால் நீட்டிக்கிட்டிருக்கு. அந்தக் குளோன்ல சிடி80 கம்மி. சோதனை போட்டப்ப ஆன்டிபாடி இல்லாம 60, இருந்தா 90. பாதி பிரேக். அண்ணா சொன்ன எண்ணிக்கைக் கணக்கு அப்படியே வந்துடுச்சு.

சிடி86 வச்ச நம்பர் 4 போன வாரம்தான் தயாராச்சு. ஆன்டிபாடி இல்லாம 35, ஆன்டிபாடியோட 95. பிரேக் திரும்பி வந்துடுச்சு! மூணு தனித்தனி நாள்ல, மூணு தனித்தனி பாசேஜ்ல செஞ்சேன், மூணும் ஒத்துப் போகுது.

ரோஜாத்தோட்டம் அக்கா, எலிசாவும் போட்டேன். நீங்க சொன்ன மாதிரிதான். நம்பர் 2ல ஆன்டிபாடி போட்டு வெளிச்சம் 85 வந்த குழியில ஐஎல்-2 ஏறக்குறைய அடிமட்டத்துலயே இருக்கு. நம்பர் 4ல ஆன்டிபாடி போட்ட குழி மஞ்சளா நல்லா ஏறிச்சு, போடாத குழி வெளுத்தே நின்னுது. வெளிச்சத்தை மட்டும் பார்த்திருந்தா நம்பர் 2உம் 4உம் ஒண்ணுன்னு எழுதியிருப்பேன். டிஜிஎன்1412 பத்தி நீங்க எழுதினதை லேப்ல எல்லாருக்கும் படிச்சுக் காட்டினேன். ஜுர்காட்ல சிடி28 பார்த்தேன்க்கா. 34ஆம் பாசேஜ்ல கொஞ்சம் இறங்கியிருந்தது. அதனால 12ஆம் பாசேஜ் குழாயை எழுப்பி, இனிமே 25க்கு மேல ஓட்டறதில்லைன்னு போர்டுல எழுதி ஒட்டிட்டேன்.

கொரியர்ல வெந்த அந்த ஆன்டிபாடியையும், சொன்னதுக்கு முன்னாடியே வந்து சேர்ந்த புதுசையும் நம்பர் 4ல பக்கத்துப் பக்கத்துல ஓட்டினேன். பழசோட வளைவு வலது பக்கம் நகர்ந்திருக்கு. அதே அளவு வெளிச்சத்துக்கு ஏறக்குறைய ஒண்ணரை மடங்கு கூட தேவைப்படுது. அப்ப வெயில் கொஞ்சம் தின்னுதான் இருக்கு. அதைக் கண்டுபிடிச்சதே இந்தச் செல்தான்.

ஊத்தங்கரை அண்ணா, அம்மா எப்படி இருக்காங்க? எழுதுங்க.

சினைஊசி ஐயா, உங்களுக்குத்தான் பெரிய கும்பிடு. நீங்க எழுதின அன்னைக்கே போய் கேனைப் பார்த்தேன். மூடித் தண்டுல விரல் நுழையற அளவுக்கு உடைஞ்சிருந்தது, யாரும் கவனிக்கல. குச்சி விட்டா அடியில நாலு விரக்கடைதான் ஈரம். புதன்கிழமைதான் நைட்ரஜன் வண்டி வரும். நடுவுல உங்களை மாதிரியே பக்கத்துல சினை ஊசி போடற ஒரு அண்ணன்கிட்ட ரெண்டு லிட்டர் வாங்கி ஊத்தி வச்சிருக்கேன். நம்பர் 4 இப்ப நாலு ஃபிளாஸ்க்ல நிறைஞ்சு நிக்குது. செவ்வாய் ராத்திரிக்குள்ள 12 குழாய் உறைய வைக்கணும், அதுல ரெண்டு பக்கத்து லேப் அக்காவுக்கு. பிடி-1 எஃப்சி கடனுக்கு அதைத்தான் கேட்டாங்க.